சீருக்கு வந்த கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரர் சுப்புராஜ் காதில் ‘போதும்’ என்ற சொல் விழுந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அருப்புக்கோட்டையில் நாங்கள் வைத்திருப்பது பர்னிச்சர் கடை. கட்டில், பீரோ, மெத்தை, டிரெஸ்ஸிங் டேபிள் என்று கல்யாணத்துக்கும் வீடு குடிபோவதற்கும் சீர் வாங்க வருகிறவர்கள்தான் எங்கள் பிழைப்பு. சின்ன பீரோ போதும் என்று உள்ளே வந்தவரைப் பெரிய பீரோவோடு வெளியே அனுப்புவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. “தங்கச்சிக்குச் செய்யிறதுல போதும்ங்கிற பேச்சே வரக்கூடாதுண்ணே” என்பார். வந்தவர் முகம் மாறும். கை பர்ஸுக்குப் போகும். நான் பில் போடுவேன்.

குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பேச்சில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. ஆனால் ஊருக்கு விற்கிற சரக்கை மனுஷன் தானே வாங்கித் தின்றால் என்ன ஆகும் என்பதை இந்த வருஷம் கண்ணால் பார்த்தேன்.

அவருக்கு ஒரே தங்கை, கோகிலாம்பாள். பரளச்சியில் கட்டிக் கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை முனீஸ்வரனுக்கு ஊருக்குள் ஒரு உரக்கடை, ஊருக்கு வெளியே கொஞ்சம் கரிசல் காடு. நல்ல மனுஷன்தான், சிரிப்பு மட்டும் வராது. ரெண்டு பேரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, ஊர்க் கடைசியில் புது வீடு ஒன்று எழுப்பியிருந்தார்கள். ஆவணியில் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. பிறந்த வீட்டுச் சீர் போக வேண்டும் என்று இவர் அப்போதிருந்தே தரையில் நிற்கவில்லை.

அவர்கள் மகள் கிருஷ்ணப்ரியா பி.காம் முடித்த பிள்ளை. மதுரையில் ஒரு கம்பெனிக்கு, வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிற வேலை அவளுக்கு வந்திருந்தது. முதல் வாரம் சோதனை. அதில் தேறினால் வேலை நிரந்தரம். முனீஸ்வரன் இதற்குச் சம்மதித்ததே பெரிய காரியம். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். வேலை நிலைத்தால் சரி, நிலைக்காவிட்டால் சாத்தூரிலிருந்து பெண் பார்க்க வரச் சொல்லிவிடுவார். பிள்ளை “எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம்ப்பா” என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். அவர் காதில் அது ஏறவே இல்லை.

ஒருநாள் கடையில் கூட்டம் இல்லாத நேரம் அவளிடமிருந்து போன். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“மாமா, வீட்டுக்குப் பீரோ, சோபா எல்லாம் வேண்டாம். எனக்கு ஒரு கம்ப்யூட்டர் மட்டும் வாங்கித் தாங்க. சாதாரணமானதே போதும், நான் பாக்குறது வெறும் டைப் அடிக்கிற வேலை. ஆனா கூட ஒரு யூபிஎஸ் கட்டாயம் வேணும் மாமா. கரண்டு போனாலும் கம்ப்யூட்டர் நிக்காம ஓடுறதுக்கு ஒரு பேட்டரிப் பெட்டி இருக்குல்ல, அது. அத மட்டும் மறந்துராதீங்க.”

“சரிடா கண்ணு” என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாத்தியா செல்வி, என் தங்கச்சி பிள்ளைய எம்புட்டுப் பதவிசா வளத்துருக்கா! சாதாரணமானதே போதுமாம். வாயத் தொறந்து ஒண்ணு கேக்குதா பாரு.”

“கேட்டுச்சே. பேட்டரிப் பெட்டி கேட்டுச்சு.”

“ஒனக்கு இதெல்லாம் வெளங்காது.”

எனக்கா விளங்காது? எங்கள் பக்கம் சீர் பேசுகிற முறை எனக்குத் தெரியாதா? என்ன வேண்டும் என்று பிறந்த வீட்டில் கேட்பார்கள். பெண் ஒன்றும் வேண்டாம் என்பாள். அண்ணன் சும்மா சொல்லு என்பான். ஒரு குத்துவிளக்கு போதும் என்பாள். அதைக் கேட்டு அண்ணன் பீரோவும் பிரிட்ஜும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். உண்மையிலேயே குத்துவிளக்கோடு வந்து நின்றால் அவன் மனுஷனே இல்லை. நாங்கள் வீடு கட்டியபோது என் அண்ணன் அப்படித்தான் குத்துவிளக்கோடு வந்தான். அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஆனால் கிருஷ்ணப்ரியா பேசியது அந்தப் பேச்சு இல்லை. அவள் காய்கறிக்காரரிடம் கத்தரிக்காய் கேட்கிற மாதிரி, இன்னது வேண்டும், இன்னது வேண்டாம் என்று பிட்டுப் பிட்டு வைத்தாள். இவர் அதையும் மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார்.

மதுரைக்கு நானும் கூடப் போனேன். விட்டால் மனுஷன் கடையையே வாங்கிக்கொண்டு வந்துவிடுவார் என்ற பயம்தான். கம்ப்யூட்டர் கடையில் ஏசி எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. கண்ணாடி போட்ட ஒரு தம்பி வந்து, “என்ன வேலைக்கு சார்?” என்று கேட்டார்.

“சீருக்கு.”

அந்தத் தம்பி முழித்தார். அப்படி ஒரு வேலையை அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை போல.

“இல்ல சார், கேம் ஆடுவாங்களா? வீடியோ எடிட்டிங் பண்ணுவாங்களா?”

நான் குறுக்கே புகுந்து, “ஆஸ்பத்திரி பில்லப் பாத்து டைப் அடிக்கிற வேலை தம்பி” என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. மூலையில் இருந்த ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். “இது போதும்மா. டைப் அடிக்கிறது, நெட்டுல பாக்குறது, பேங்க் வேலை, பிள்ளைங்க படிப்பு எல்லாத்துக்கும் தாராளம். சொல்லப் போனா, முக்காவாசிப் பேரு காசு குடுத்து வாங்குற வேகத்தத் தொட்டுக்கூடப் பாக்குறதில்ல. வெட்டியா உள்ளயே கெடக்கும்” என்றார்.

எனக்கு அந்தத் தம்பியை அப்போதே பிடித்துப்போனது. என் வீட்டுக்காரருக்கோ முகம் கறுத்துவிட்டது. தன் வாழ்நாளில் போதும் என்று சொல்லி விற்கிற வியாபாரியை அவர் பார்த்ததே இல்லை. என்னைத் தனியே இழுத்து, “என்னையப் பாத்தா வக்கத்தவன் மாதிரியா தெரியுது?” என்றார். பதிலுக்குக்கூட நிற்காமல் திரும்பிப் போய், “இங்க இருக்கிறதுலயே வேகமானது எது தம்பி?” என்று கேட்டார்.

நடுக்கூடத்தில் தனி மேடை போட்டு அதை வைத்திருந்தார்கள். வெள்ளை நிறம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே விசிறிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் எரிந்து எரிந்து மாறின. சினிமாவுக்குப் படம் வரைகிறவர்களும் பெரிய பெரிய விளையாட்டு விளையாடுகிறவர்களும் வாங்குவார்களாம். வேகத்தில் சூடாகிவிடாமல் இருக்க உள்ளே குழாய் வழியாகத் தண்ணீர் ஓடுகிறதாம்.

“தண்ணியா!” என்று இவர் வாய் பிளந்தார்.

“நம்ம ஊருல மனுசங்களுக்கே தண்ணி லாரி எப்ப வரும்னு தெரியல. இதுக்கு உள்ளயே பைப்பு போட்டுருக்காகளா?” என்றேன் நான். கடைக்காரத் தம்பி சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அதற்குள் அந்தப் பெட்டியைப் பரளச்சித் தெருவில் ஊர்வலமாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார், மனசுக்குள்.

பில் போடும்போது நான் பேட்டரிப் பெட்டியை ஞாபகப்படுத்தினேன். இத்தனை பெரிய கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ்ஸும் பெரிதாக வேண்டும் என்று ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்கள். கறுப்பு இரும்புப் பெட்டி, பின்னால் வால் மாதிரி ஒரு ஒயர். இவர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“சீர்வரிசையில கறுப்பு வைப்பாகளா? பாக்கவும் லட்சணமா இல்ல. புது வீடு, புது ஒயரிங்கு, கரண்டு எங்க போகப் போகுது?”

“பிள்ளை கட்டாயம்னு சொல்லுச்சுங்க.”

“பின்னாடி பாத்துக்கலாம் செல்வி.”

சீர் என்றால் தட்டில் வைத்துத் தெருவில் நாலு பேர் பார்க்க எடுத்துப் போவது. கறுப்பு அதில் ஆகாதுதான். அவருக்கு ஏற்ற மாதிரி நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

பால் காய்ச்சுகிற அன்று பரளச்சி பேருந்து நிறுத்தத்திலிருந்து ஊர்வலம். முன்னால் கொட்டு மேளம், அடுத்து தாம்பாளம் தூக்கிய பெண்கள், பின்னால் எங்கள் கடை லோடு வேன். வேனில் ஒரு மேஜை போட்டு, பட்டுத் துணி விரித்து, அதன் மேல் கம்ப்யூட்டர். வெறும் பெட்டியாகக் கொண்டு போனால் யாருக்குத் தெரியும் என்று, வேனிலேயே ஒரு ஜெனரேட்டரை ஏற்றி அதை ஓட விட்டிருந்தார் இவர். மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்த அந்தப் பெட்டி பட்டப்பகலில் பச்சையும் சிவப்பும் நீலமுமாக எரிந்துகொண்டு வந்தது. மேளத்தை ஜெனரேட்டர் சத்தம் அமுக்கிவிட்டது. கரிசல் புழுதி வேறு.

“ஏலே, மீன்தொட்டில மீனக் காணோம்?” என்று ஒருத்தர் கேட்டார்.

“அது மீன்தொட்டி இல்லையாம், கம்ப்யூட்டராம். உள்ள தண்ணி ஓடுதாம்.”

“பெறகென்ன, மீனு விட வேண்டியதுதானே.”

இவருக்கு அந்தக் கேலிகூடப் பூமாலை விழுந்த மாதிரிதான் இருந்தது. கோகிலாம்பாளுக்கு அன்றைக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. “எங்க அண்ணன் செஞ்ச சீரு” என்று வருகிறவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டுபோய்க் காட்டினாள். வீடியோ எடுக்க வந்திருந்த அருண்பாண்டியன் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டான். அருப்புக்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிற பையன். “அக்கா, இது மட்டும் எங்கிட்ட இருந்தா ஒரு கல்யாண வீடியோவ ஒரே மத்தியானத்துல முடிச்சிருவேன். என் கம்ப்யூட்டர் ராத்திரி பகலா மொனங்கிக்கிட்டுக் கெடக்கு” என்றான். அந்த வீட்டில் அதன் அருமை தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

கிருஷ்ணப்ரியா வந்தாள். மாமா காலில் விழுந்து கும்பிட்டாள். பெட்டியைப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், “அத்தை, யூபிஎஸ் எங்க?” என்றாள்.

“பின்னாடி வரும்மா” என்றேன். அதைச் சொல்லும்போதே என் நாக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை அவளுக்குச் சோதனை வாரம் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை காலையில் கோகிலாம்பாளிடமிருந்து போன் வந்தது.

“மதினி, கம்ப்யூட்டர் நின்னு நின்னு போகுது. பிள்ளை நேத்து ராத்திரி சாப்பிடவே இல்ல. அந்த மதுரைக் கம்பெனி மேடம் போன்ல சத்தம் போடுது. இன்னைக்கு ஆறு மணிக்குள்ள இன்னைக்கு வேலைய முடிச்சுத் தந்தாத்தான் மேக்கொண்டு, இல்லைன்னா வேற ஆளுன்னு சொல்லிருச்சு. இவுக என்னடான்னா சாத்தூருக்குப் போன் போட்டு, சாயங்காலம் முடிவு சொல்றேன்னு சொல்லிட்டாக.”

இவர் கடையைப் பூட்டச் சொல்லிவிட்டார். “கம்ப்யூட்டர்ல ஏதும் கோளாறா இருக்கும். போயி என்னான்னு பாத்துருவோம்” என்று வேனை எடுத்தார். கம்ப்யூட்டருக்குள் கையை விட்டால் என்ன இருக்கும் என்று தெரியாதவர் போய் என்ன பார்க்கப் போகிறார்? நான் கடையில் பில் போடுகிற பழைய லேப்டாப்பை அதன் பையோடு எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஓரத்தில் கீறல், ‘எ’ எழுத்துக் கட்டை அழிந்துபோனது, ஆனால் ஒருதடவை சார்ஜ் போட்டால் பொழுது சாயும்வரை தாங்கும். அதை எதற்கு எடுத்து வருகிறாய் என்று இவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு கம்பத்தில். புது வீடுதான் அந்தப் பக்கத்துக்குக் கடைசி வீடு. அதைத் தாண்டினால் தோட்டங்கள். கிணற்று மோட்டாருக்குக் கரண்டு வந்ததும் ஒவ்வொரு தோட்டமாக மோட்டாரைப் போடுகிறார்கள். ஒவ்வொரு மோட்டார் எடுக்கும்போதும் வீட்டில் கரண்டு ஒரு சிமிட்டுச் சிமிட்டுகிறது. ஃபேன் அதைக் கண்டுகொள்வதில்லை. பல்பும் கண்டுகொள்வதில்லை. அத்தனை வேகமான கம்ப்யூட்டர் மட்டும் பொட்டென்று அணைந்து, அப்புறம் எல்லா விளக்கையும் ஏற்றிக்கொண்டு பகட்டாக முதலிலிருந்து தொடங்குகிறது. அதற்குள் பாதியில் இருந்த பில் போயே போய்விடுகிறது. பிள்ளை திரும்ப உட்கார்ந்து அடிக்கிறாள். அடுத்த தோட்டத்துக்காரர் மோட்டார் போடுகிறார்.

கிருஷ்ணப்ரியா கண்கள் வீங்கி உட்கார்ந்திருந்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சிமிட்டு. பெட்டிக்குள் விளக்கெல்லாம் அணைந்தன. அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

முனீஸ்வரன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “இதெல்லாம் நம்ம ஊருக்குச் சரிப்பட்டு வராது மச்சான். நல்லவேளை, சாத்தூர் எடம் வந்துருக்கு” என்றார்.

என் வீட்டுக்காரர் யூபிஎஸ்ஸுக்காக எங்கெங்கோ போன் போட்டார். இந்த அளவுக் கம்ப்யூட்டருக்குத் தாங்குகிற பெட்டி அருப்புக்கோட்டையில் கையிருப்பு இல்லை, மதுரைக்குச் சொல்லி நாளைக்குத்தான் வரும் என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் கிளம்பினார். நானும் பின்னால் ஓடினேன். பக்கத்துத் தோட்டத்தில் வீரபாண்டி என்பவர் பருத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஒரு சகாயம். ஆறு மணி வரைக்கும் மோட்டாரப் போடாம இருக்க முடியுமா? வீட்டுல கம்ப்யூட்டர் நின்னு போகுது.”

வீரபாண்டி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு இவரை மேலும் கீழும் பார்த்தார். “அந்தத் தண்ணி ஓடுற கம்ப்யூட்டரா?”

“ஆமா.”

“அதுல ஓடுற தண்ணி போதும்னு எம் பருத்திகிட்டச் சொல்லிட்டு வாங்க. நானும் மோட்டார அமத்திருதேன்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த தோட்டத்துக்குப் போகத் தெம்பு இல்லை. நான் அவரை வரப்பிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு விரசாக நடந்தேன்.

பையைத் திறந்து லேப்டாப்பைக் கிருஷ்ணப்ரியா முன்னால் வைத்தேன். “நெட்டுக்குச் செல்லுல இருந்து எடுத்துக்க. பேட்டரி நிரம்பி இருக்கு. இதுல ஒம் வேலை ஓடுமா?”

அவள் நிமிர்ந்து அதைப் பார்த்த பார்வையைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. பட்டுத் துணியில் வந்த பெட்டியை அவள் அப்படிப் பார்க்கவில்லை. “ஓடும் அத்தை. இதுவே போதும்” என்றாள்.

கோகிலாம்பாளுக்கு வந்ததே கோபம். “மதினி, என்ன செய்யிறீக? பெறந்த வீட்டுச் சீர ஓரமா வச்சுட்டு, கீறல் விழுந்ததத் தூக்கி வைக்கிறீகளே, நல்லாவா இருக்கு? அண்ணன் பாத்தா மனசு ஒடஞ்சு போகும்.”

“கோகிலா, இது சீரு இல்ல. இரவல். சீரு அது பாட்டுக்கு அங்கயே எரியட்டும்.”

அவள் முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்குச் சோற்றைப் பிசைந்து கொண்டுவந்து அவளே வாயில் ஊட்டினாள். பிள்ளை கையை எடுக்கவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. வெளியே மோட்டார்கள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின. ஹாலில் சீர்ப் பெட்டி அணைந்து அணைந்து எரிந்தது. லேப்டாப் அது பாட்டுக்கு வேலை பார்த்தது. வேகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அவள் விரல் போகிற வேகத்துக்கு அது கூடப் போனது, அவ்வளவுதான்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கடைசி பில்லை அனுப்பினாள். நாங்கள் எல்லோரும் அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. மதுரை மேடம். “தப்பு ஒண்ணும் இல்ல. நாளைக்கும் இதே மாதிரி பண்ணுங்க, மிச்சத்தப் பாத்துக்கலாம்” என்றார். கிருஷ்ணப்ரியா போனை வைத்துவிட்டு முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அழுதேன்.

இவர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “ஏன் கண்ணு, மாமாகிட்ட முன்னாடியே வெவரமாச் சொல்லிருக்கக் கூடாதா?”

அவள் துப்பட்டாவை எடுத்தாள். “சொன்னேனே மாமா. சாதாரணமானது போதும்னு சொன்னேன். யூபிஎஸ் கட்டாயம் வேணும்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. நான் எதச் சொன்னாலும் இந்த வீட்டுல எல்லாரும் சிரிக்கத்தானே செய்யிறீங்க.”

அவள் கத்தவில்லை. அதனால்தான் அது அதிகமாகச் சுட்டது. வியாபாரத்தில் எத்தனையோ பேரைப் பேசி மடக்கியவர், அங்கே உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் பாவமாகவும் இருந்தது. ஆசையில் செய்த மனுஷன்தானே.

முனீஸ்வரன் வாசலிலிருந்து எழுந்து வந்தார். அவருக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான், காட்டிக்கொள்ளத் தெரியாது. “சரி, வேலை நெலைக்கிற மாதிரித்தான் தெரியுது. இருக்கட்டும். ஆனா சாத்தூர்க்காரவுககிட்டச் சொன்னது சொன்னதுதான். ஒருக்கா வந்து பாத்துட்டுப் போகட்டுமே, என்ன கொறஞ்சு போச்சு?”

“எனக்கு இப்ப வேண்டாம்ப்பா” என்றாள் கிருஷ்ணப்ரியா.

அவர் அதிசயமாகச் சிரித்தேவிட்டார். “பொம்பளப் பிள்ளைக வேண்டாம்னுதான் சொல்லும். வேணும்னா சொல்லும்? என்ன மச்சான்?”

இவர் கைகளிலிருந்து கண்ணை எடுத்தார். அவர் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“இல்ல மாப்ள. நானும் இப்படித்தான் நெனச்சேன். போதும்னு சொன்னத மரியாதைக்குச் சொல்லுதுன்னு நெனச்சு, ஊரையே கூட்டிக் கொண்டுவந்து எறக்குனேன். இன்னைக்குப் பிள்ளை பொழப்பே போகப் பாத்துச்சு. கம்ப்யூட்டர்னா ஓரமா வச்சுட்டு இன்னொண்ணு குடுத்துரலாம். மாப்பிள்ளைய அப்படி ஓரமா வைக்க முடியுமா? பிள்ளை வேண்டாம்னா வேண்டாம்னுதான் அர்த்தம். சாத்தூருக்கு இப்பவே போன் போடுங்க. போடலைன்னா நான் போடுதேன்.”

முனீஸ்வரன் திரும்பினார். மகளைப் பார்த்தார். முதல் தடவையாக, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. அவள் தலையைக் குனியாமல் அவரையே பார்த்தாள். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பேசியது எங்களுக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. “இல்லங்க, பாப்பா இப்ப வேண்டாம்னு சொல்லுது” என்றது மட்டும் நன்றாகக் கேட்டது.

அந்தப் பெட்டி என்ன ஆனது என்று கேட்பீர்கள். சீரைத் திருப்பிக் கொடுக்கவும் கூடாது, விற்கவும் கூடாது என்று கோகிலாம்பாள் பிடிவாதமாக நின்றாள். கடைசியில் கிருஷ்ணப்ரியாதான் அம்மாவை மடக்கினாள். காட்டைக் குத்தகைக்கு விடுகிற மாதிரி இதையும் குத்தகைக்கு விடுவோம், காடு நம்முடையதுதானே என்றாள். இப்போது அது அருண்பாண்டியன் ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களைச் செய்துகொண்டிருக்கிறது. அங்கே அதற்கு வேலை இருக்கிறது, அவனும் அதைப் பிள்ளை மாதிரி துடைத்து வைத்திருக்கிறான். மதுரைக்கு நானே போய் அந்தத் தம்பியிடம் அவர் முதலில் காட்டிய சின்னக் கறுப்புக் கம்ப்யூட்டரையும், அதற்கு ஏற்ற சின்ன யூபிஎஸ்ஸையும் வாங்கிக் கொடுத்துவிட்டு என் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவளுக்கு வேலையும் நிரந்தரமாகிவிட்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடந்தது. வேனில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். காலையிலிருந்து ரெண்டு பேர் வயிற்றிலும் ஒன்றும் இல்லை. கோகிலாம்பாள் சாப்பிடச் சொன்னபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஒரு விலக்கு ரோட்டில் டீக்கடை வெளிச்சம் தெரிந்தது. வடை வாசம் வண்டிக்குள்ளேயே வந்தது.

“டீ குடிக்கிறியா செல்வி?”

“வேண்டாம்” என்றேன்.

எப்போதும் நான் அப்படித்தான் சொல்வேன். அவர் எப்போதும் வண்டியை நிறுத்தி, ரெண்டு டீயும் வடையும் வாங்கிக்கொண்டு வந்து கையில் திணிப்பார். நான் எதுக்கு இதெல்லாம் என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவேன். அன்றைக்கு அவர், “சரி” என்றார். வண்டி நிற்கவில்லை. டீக்கடை பின்னால் போய்விட்டது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொன்னால் அப்படியே விட்டுவிடுவதா, இவ்வளவுதானா என் மேல் இருக்கிற அக்கறை என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். மனுஷன் ரோட்டையே பார்த்துக்கொண்டு, படித்த பாடத்தைத் தப்பாமல் ஒப்பிக்கிற முகத்தோடு ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் மேல் எப்படிக் கோபப்படுவது?

“ஏங்க, வண்டியத் திருப்புங்க.”

“என்ன, எதையும் மறந்துட்டியா?”

“எனக்கு டீ வேணும். வடையும் வேணும். ரெண்டு வடை.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வண்டியைத் திருப்பினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இன்னது வேண்டும் என்று நான் அவரிடம் வாய் திறந்து கேட்டது இதுதான் முதல் தடவை என்பது, ரெண்டாவது வடையைக் கடிக்கும்போதுதான் எனக்கே உறைத்தது.